அண்ணன் தம்பி கதைய முதல் படமா எடுக்கப் போறவங்களுக்கு, டிரிங்கோவில (திருகோணமலையில) இருந்து

போன மாசம் மூண்டு பொடியங்கள் என்னைத் தேடி வந்தாங்கள், உட்துறைமுக வீதியில ஒரு தேத்தண்ணிக் கடையில இருந்து கதைச்சம். அண்ணன், தம்பி, குடும்பம், நடுவில ஒரு லவ், இதுதான் கதை, முதல் படம், புரொடியூசர் எண்டு ஒருத்தரும் இல்ல, சேர்த்து வச்ச காசு கொஞ்சம் இருக்கு. வந்து இருந்தவுடன கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, எந்தக் கெமரா எடுக்கிறது நல்லம்?" நான் கேட்டன், "ஆர்ட வீட்டில எடுக்கப் போறீங்க?" ஆளை ஆள் பார்த்தாங்கள். அதுக்குப் பிறகு ரெண்டு மணித்தியாலம் நான்தான் கதைச்சன், அதைத்தான் இஞ்ச எழுதுறன். நானும் ஒரே ஒரு படம்தான் எடுத்திருக்கன், கன பிழை விட்ட ஆள் சொல்றான் எண்டு நினைச்சு வாசிங்க.

முதல்ல வீடு. அண்ணன் தம்பி கதை எண்டா முக்கால்வாசி வீட்டுக்குள்ளதான் நடக்கும், விறாந்தை, குசினி, கிணத்தடி, சின்னன்ல இருந்து ரெண்டு பேரும் படுக்கிற ஒரு அறை. அப்ப கதை எழுத முன்னமே வீட்டைப் பிடிங்க. எழுதி முடிச்சிட்டு வீடு தேடினா இல்லாத மாடிப்படிக்கும் இல்லாத பின்கதவுக்கும் ஊரெல்லாம் அலைய வேண்டி வரும். நான் எடுத்தது பாலையூத்தில என்ட மாமிட வீட்டில, 12 நாள். அதுக்கு முன்னம் ஒரு கிழமை கெமரா இல்லாமச் சும்மா போய் இருந்தன், காலம எந்த ஜன்னலால வெயில் உள்ளுக்கு வருது, பின்னேரம் எந்தச் சுவர் சிவக்குது, குசினிக் கதவு திறக்கேக்க எப்பிடி முனகுது, எல்லாத்தையும் ஒரு கொப்பியில எழுதினன். சீன் எழுதினது அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான்.

வீடு எண்டா இன்னொரு விசயமும் இருக்கு. கிழக்கில வீடு ஆருக்கு எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, பொம்பளைப் பிள்ளைக்குத்தான், அக்காவுக்கோ தங்கச்சிக்கோ சீதனமா எழுதிக் குடுத்திடுவாங்க, ஆம்பிளைப் பிள்ளை கல்யாணம் முடிச்சா மனிசி வீட்டுக்குப் போவான். அப்ப அண்ணனும் தம்பியும் சண்டை பிடிக்கிற அந்த வீடு ரெண்டு பேருக்குமே சொந்தமில்லாத வீடு. "சொத்தைப் பிரிச்சுத் தா" எண்டு அண்ணனும் தம்பியும் அடிபடுற கதை எங்கட பக்கம் அப்பிடியே ஒட்டாது. இஞ்ச அண்ணன்காரன் கட்டார்லயோ மேசன் வேலையிலயோ உழைச்சு உழைச்சுக் கட்டுறது தங்கச்சிட வீட்டை, அவட கல்யாணம் முடியும் மட்டும் இவன்ட லவ் வெயிலுக்க நிக்கும், அதுக்கிடையில தம்பி குறுக்கால விழுந்து ஒரு பெட்டையைக் கூட்டிக்கொண்டு வாசல்ல வந்து நிப்பான். கதை அங்கயே கிடக்கு, நாங்கதான் அதை விட்டிட்டுக் கத்தி தூக்குற கதை எழுதுறம்.

இப்ப எழுதுறது. என்ட முதல் டிராஃப்ட்ல அண்ணனுக்கும் தம்பிக்கும் நாலு பக்கச் சண்டை ஒண்டு இருந்திச்சு, எனக்கே அழுகை வந்த சீன். ஒரு நாள் சும்மா என்ட சொந்தத் தம்பியோட இருந்து சத்தமா வாசிச்சுப் பார்த்தம், அவன் ரெண்டாம் பக்கத்திலயே பேப்பரை வச்சிட்டு, "நாங்க எப்படா இப்பிடிக் கதைச்சிருக்கம்?" எண்டான். உண்மைதான். நானும் அவனும் ஒரு காலம் ஒண்டரை மாசம் முகம் பார்த்துக் கதைக்கேல்ல. வீட்டில ஒரே ஒரு பைக், காலம அவன் கொண்டு போவான், பின்னேரம் நான். கதைக்காட்டியும் ஒரு நாள்கூட பெற்றோல் இல்லாம பைக் என்ட கைக்கு வந்ததில்ல, நானும் அடிச்சுத்தான் விடுவன். பிறகொரு நாள், என்ன நடந்திச்சு எண்டு இப்ப வேணாம், அண்டைக்குப் பின்னேரம் நான் நிலாவெளிக்குப் போறன், சாம்பல்தீவுப் பாலம் தாண்டினவுடன பைக் ஒரு இழுவை இழுத்து நிண்டிட்டு. இடக்கையால டாங்கிக்குக் கீழ இருக்கிற பெற்றோல் கட்டையைத் தடவி, அடியில மிச்சம் கிடக்கிற ரிசேவுப் பெற்றோலுக்குத் திருப்பப் பார்த்தா, அந்தக் கட்டை ஏற்கனவே ரிசேவிலதான் நிக்குது. ஒண்டரை மாசத்தில அவன் எனக்குச் சொன்ன ஒரே வசனம் அதுதான்.

நாலு பக்கத்தையும் வெட்டிட்டு அதைத்தான் படத்தில வச்சன். கை, டாங்கி, கட்டை, பிறகு ரோட்டில பைக்கைத் தள்ளிக்கொண்டு போறான், 40 செக்கன்கூட வராது. அதனால நான் சொல்றது என்னெண்டா, ஒவ்வொரு சீனுக்கும் அவன் சொல்ல நினைச்சுச் சொல்லாம விட்டதை ஒரு வரியில ஓரத்தில எழுதுங்க, அந்த வரியை ஆக்கள்ட வாயில வர விடாதீங்க, அதுக்குப் பதிலா வீட்டில கிடக்கிற ஒரு சாமானைத் தேடுங்க. சாரம், சாப்பாட்டுக் கோப்பை, ஃபோன் சார்ஜர், எதுவெண்டாலும். அம்மாவும் அப்பிடித்தான், "உங்க ரெண்டு பேரையும் ஒண்டாத்தானே வளர்த்தன்" எண்டு அழுற அம்மா வேணாம். ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு போட்டு மூடி வச்சிட்டு, ஆர் முதல்ல வந்து மூடியைத் திறக்கிறான் எண்டு அறைக்குள்ள இருந்து காது குடுக்கிற அம்மாவை எழுதுங்க.

நீளம் எவ்வளவு? ஒரு பக்கம் ஒரு நிமிசம் எண்டுறது பொதுக் கணக்கு. சின்ன டீம் ஒண்டுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு பக்கம் எடுக்கிறதே பெரிய பாடு, அப்ப 12 நாளுக்கு 60 பக்கம். 40 நிமிசத்துக்கு மேல போனா ஒஸ்கார் கணக்கில அது முழுநீளப் படம், கன விழாக்கள் 60, 70 நிமிசம் எண்டு கேக்கும். ரெண்டரை மணித்தியாலப் படம் எழுதிக்கொண்டு வந்த ஒருத்தனுக்கு நான் சொன்னன், நீ 30 நாளுக்குச் சோறு போட ஏலுமெண்டா எடு எண்டு.

லவ் பகுதிக்கு வருவம். டச்சு பே கடற்கரையில ஒரு சோடி பத்து நிமிசம் சேர்ந்து இருந்தா அவை எழும்ப முன்னம் நியூஸ் வீட்டுக்குப் போயிடும், இது அந்த மாதிரி ஊர். அப்ப உங்கட சோடி எங்க சந்திக்குது? இதுக்கு மறுமொழி தெரியாம எழுதினா நிலாவெளி பீச்சில ஓடிப் பிடிச்சு விளையாடுற லவ்தான் வரும். என்ட படத்தில அண்ணனுக்கு வயசு 38, தம்பிக்கு 24. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009ல, 396 மீற்றர், அதுக்கு முன்னம் அந்தப் பக்கம் போக ஃபெரிக்குக் காத்துக்கொண்டு நிக்க வேணும். அண்ணன்ட லவ் அந்த ஃபெரிக்கு நிண்டு நிண்டு வளர்ந்தது, தம்பிட லவ் மூதூர் பஸ்ஸில, அந்தப் பாலத்தை பஸ் அரை நிமிசத்தில தாண்டிடும். ரெண்டு பேரும் லவ்வை வேற வேற வேகத்தில விளங்கி வச்சிருக்கினம், சண்டைக்கு வேர் அங்க இருந்துதான் வருது. உங்களுக்குப் பாலம் வேணாம், ஆனா இப்பிடி ஊரோட ஒட்டின ஒரு காரணம் வேணும்.

பெட்டையை மறக்காதீங்க. என்ட ஸ்கிரிப்டை வாசிச்ச நடிகை கேட்ட ஒரே கேள்வி, "அண்ணா, இதுல நான் என்ன வேலை செய்யுறன்?" எனக்கு வாய் வரேல்ல. மூண்டு சீன், மூண்டிலயும் அவ காத்துக்கொண்டு நிக்கிறா. பிறகுதான் தையல் கடையில வேலை, கையில எப்பவும் அளவெடுக்கிற டேப், சொந்தமா ஒரு மெஷின் வாங்கக் கட்டுற சீட்டுக் காசு எண்டு அவவுக்கு ஒரு வாழ்க்கை வந்திச்சு. படம் பார்த்த ஆக்கள் இப்பவும் கேக்கிறது அந்த மெஷினை அவ வாங்கினாவா எண்டுதான்.

பாஷை விசயத்தில நான் கொஞ்சம் பிடிவாதம். சென்னைத் தமிழ்ல டயலொக் எழுதாதீங்க, தயவுசெய்து. "என்னடா பண்ற" எண்டு எங்கட வீட்டில ஆர் கேக்கிறது? வெளியாக்களுக்கு விளங்காது எண்டா அதுக்கு சப்டைட்டில் இருக்கு. மூதூர்க்காரர் கதைக்கிற மாதிரி டவுன்காரன் கதைக்க மாட்டான், கிண்ணியா முஸ்லிம் ஆக்கள்ட பேச்சு வேற ருசி, செக்பொயின்டிலயோ கந்தோரிலயோ சிங்களம் வந்தா சிங்களத்திலயே வரட்டும். நடிக்கிறவங்களுக்கு வசனத்தைப் பாடமாக்கக் குடுக்காதீங்க, விசயத்தைச் சொல்லுங்க, அவை தங்கட வாயால சொல்லட்டும், நல்லா வந்ததை எழுதி வைங்க.

எப்ப எடுக்கிறது? ஒக்டோபரில இருந்து ஜனவரி மட்டும் வாடைக் காத்தும் மழையும், நவம்பர் டிசம்பர்ல சொல்ல வேணாம், வள்ளமும் கரையில, கரண்டும் போகும். மழைதான் கதை எண்டா அப்ப எடுங்க, இல்லாட்டி பெப்ரவரிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளுங்க. சூரியன் எங்களுக்குக் கடல்ல இருந்து எழும்பும், இது எல்லாருக்கும் தெரியும், ஆனா ஸ்கிரிப்டில மட்டும் "உப்புவெளி கடற்கரை, சூரிய அஸ்தமனம்" எண்டு எழுதி வச்சிருப்பாங்கள். அங்க நிண்டா சூரியன் உங்கட முதுகுக்குப் பின்னால ஹோட்டல் கூரைக்குள்ள போகும். தண்ணியோட அஸ்தமனம் வேணுமெண்டா உட்துறைமுகப் பக்கம் போங்க. ஏப்ரல் நடுவிலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் மத்தியானச் சூரியன் எங்கட உச்சந்தலைக்கு நேர மேல நிக்கும், அந்த வெயிலுக்க முகம் எடுத்தா கண் ரெண்டும் கறுப்புக் குழி. பத்தரைக்குப் பிறகு வீட்டுக்குள்ள போயிடுங்க, மூண்டரைக்கு வெளிய வாங்க.

கெமரா, சரி, அந்தப் பொடியங்களுக்காகச் சொல்றன். கையில இருக்கிறது எதுவோ அதை எடுங்க, மனுவலா செட் பண்ண ஏலுமெண்டா ஃபோனும் காணும். எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அப்ப செக்கனுக்கு 25 ஃபிரேம், ஷட்டர் செக்கன்ல ஐம்பதில ஒண்டு வைங்க, இல்லாட்டி மாமிட குசினி டியூப் லைட் படத்தில துடிச்சுக்கொண்டு நிக்கும். வெளிய வெயிலுக்க ஐம்பதில ஒண்டு எண்டா வெள்ளையா எரிஞ்சு போகும், அதுக்கு என்டி ஃபில்டர் வேணும், லென்ஸுக்கு முன்னால போட்டு வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி. ஐஎஸ்ஓ 100ல வச்சு லென்ஸை எஃப் 4க்குத் திறக்க என்டி 32 சரியா வரும். லென்ஸ் ஒண்டு காணும், மாத்தி மாத்திப் போட்டு நேரத்தைக் கொல்ல வேணாம். அவ்வளவுதான்.

காசைப் போடுறதெண்டா சவுண்டில போடுங்க. படம் கொஞ்சம் இருட்டா இருந்தா ஆக்கள் பொறுப்பாங்க, வசனம் கேக்காட்டி எழும்பிப் போயிடுவாங்க. கடற்கரையில எடுக்கிறதெண்டா மைக்குக்கு அந்த மயிர்ச் சட்டை இல்லாமப் போகவே போகாதீங்க. நான் போனன். ஆனி மாசம், கச்சான் காத்து, ஒரு நாள் முழுக்க எடுத்த அண்ணன் தம்பி சீன்ல பின்னேரம் போட்டுப் பார்த்தா பொர்ர்ர் எண்ட சத்தத்தைத் தவிர ஒண்டும் இல்ல, நடிச்ச ரெண்டு பேருக்கும் சொல்ல வெக்கத்தில ஹார்ட் டிஸ்க் பழுது எண்டு பொய் சொன்னன். வீட்டுக்குள்ள எண்டா ஃபேனை நிப்பாட்டுங்க, ஃபிரிட்ஜை நிப்பாட்டுங்க. ஃபிரிட்ஜை நிப்பாட்டினா பைக் திறப்பைத் தூக்கி ஃபிரிட்ஜுக்குள்ள வைங்க, வீட்ட போக வெளிக்கிடேக்க திறப்பைத் தேடுவீங்கதானே, அப்ப ஞாபகம் வரும். இந்த வித்தையை நான் கேள்விப்பட்டது மாமிட ரெண்டு கிலோ பாரை மீன் நாறினதுக்குப் பிறகு.

எங்களை உண்மையா ஆட்டினது பாண் விக்க வாற ஓட்டோ. காலம ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, அந்த ட்யூனைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையால மெதுவா வருவார், நல்ல டேக் எல்லாத்திலயும் அவர் இருக்கிறார். மூண்டாம் நாள் யோசிச்சம், இவரை நிப்பாட்ட ஏலாது, கதைக்குள்ள எடுப்பம் எண்டு. தம்பி ஓடிப்போய் பாண் வாங்குற சீன் அப்பிடித்தான் வந்தது, ஒரு றாத்தல் பாணோட அண்ணனுக்குப் பிடிச்ச மாலு பணிஸும் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து, குடுக்காம மேசையில வச்சிட்டுப் போறான். கோயில் ஸ்பீக்கருக்கு இது சரிவராது, பக்கத்துக் கோயில்ல திருவிழா எப்ப எண்டு முன்னமே கேட்டுக்கொண்டு திகதி வைங்க. ஒவ்வொரு இடத்திலயும் ஒருத்தரும் கதைக்காம ஒரு நிமிசம் சும்மா சவுண்ட் பிடிச்சு வைங்க, எடிட்ல என்னை நினைப்பீங்க.

பெர்மிஷன். கோணேசர் கோயிலுக்குப் போற பாதை ஃபிரெட்ரிக் கோட்டைக்குள்ளாலதான், 1624ல போர்த்துக்கீசர் கட்டின கோட்டை, இப்ப உள்ளுக்க ஆமி இருக்கு. அதுக்குள்ள திரியிற மானை ஃபோன்ல படம் எடுக்கிறதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம், ட்ரைபொட்டும் மைக்குமா நாலு பேர் போனா கேப்பாங்க, கேக்கத்தான் வேணும். எழுத்தில வாங்கிக்கொண்டு போங்க, கோயில் நிர்வாகத்திட்ட வேறயா. புறாத்தீவு எண்டா வனசீவராசிகள் திணைக்களம், கன்னியா வெந்நீரூத்து எண்டா தொல்பொருள் திணைக்களம். ட்ரோன் எண்டா சிவில் விமான சேவைகள் அதிகார சபை, அதோட பாதுகாப்பு அமைச்சு, இஞ்ச ஒரு பக்கம் நேவி, ஒரு பக்கம் சீனன்குடா எயார்போட், சும்மா தூக்கிப் பறக்க விட்டு மாட்டுப்படாதீங்க. என்னைக் கேட்டா அண்ணன் தம்பி கதைக்கு ட்ரோன் என்னத்துக்கு? உங்கட ஒழுங்கையில எடுங்க, கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் ஒரு கடிதம் குடுங்க, பக்கத்து வீடுகளுக்கு நேர போய்ச் சொல்லுங்க, அந்த மூண்டும் காணும்.

நடிக்க ஆள். சொந்த அண்ணன் தம்பியைப் போட்டா நல்லா வரும் எண்டு நினைக்காதீங்க, கெமராவுக்கு முன்னால அவை ரெண்டு பேரும் வெக்கப்பட்டுச் சிரிச்சே நாள் போயிடும். நான் ஆளை ஆள் அறியாத ரெண்டு பேரைப் போட்டன், ஷூட்டிங்குக்கு முன்னம் ஒரு கிழமை ஒரே பைக்கை ரெண்டு பேருக்கும் குடுத்தன், ஆர் எப்ப கொண்டு போறது எண்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்க எண்டு விட்டிட்டன். நாலாம் நாள் ஒருத்தன் எனக்கு கோல் எடுத்து மற்றவனைப் பற்றிக் கோள் சொன்னான், அப்ப விளங்கிச்சு, சரி, சகோதரம் ஆயிட்டாங்கள் எண்டு. தாடி, முடி விசயத்தில மட்டும் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்க. எங்கட அண்ணன் ஆறாம் நாள் மச்சான்ட கலியாணத்துக்குப் போய் சுத்தமா சேவ் எடுத்துக்கொண்டு வந்து நிண்டான். மிச்சச் சீனில பாதியை அவன்ட முதுகுப் பக்கத்தால எடுத்தம், விமர்சனம் எழுதின ஒருத்தர் அதை நல்ல உத்தி எண்டு எழுதியிருந்தார், நான் மறுக்கேல்ல.

சாப்பாட்டில மிச்சம் பிடிக்காதீங்க. சம்பளம் குடுக்க ஏலாத ஆக்களுக்கு நேரத்துக்கு நல்ல சோத்துப் பார்சல் குடுங்க, பத்து மணிக்கு வடையும் பிளேன்டீயும். ஆர் ஆருக்கு என்ன, படம் காசு பார்த்தா எப்பிடிப் பிரிக்கிறது எண்டு எல்லாத்தையும் ஒரு பேப்பரில எழுதிக் கையெழுத்து வைங்க, சிநேகிதன்தானே எண்டு விட்டா பிறகு அது வேற ஒரு அண்ணன் தம்பிப் படம்.

எடுத்ததை அண்டண்டைக்கே கொப்பி பண்ணுங்க. 100 மெகாபிட்ல எடுத்தா ஒரு மணித்தியாலத்துக்கு 45 ஜிபி, ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் எண்டு வச்சா 12 நாளுக்கு ஒரு டெராவுக்கு மேல போகும், அதுக்கு மூண்டு கொப்பி, ஒண்டு வேற ஒரு வீட்டில. எடிட்டை நீங்களே தனியச் செய்யாதீங்க, நீங்க கஷ்டப்பட்டு எடுத்த ஷொட்டை வெட்ட உங்களுக்குக் கை வராது. பின்னணிக்குத் தெரிஞ்ச சினிமாப் பாட்டு எதையும் போடாதீங்க, ஊருக்குள்ள காட்டேக்க கைதட்டு விழும், விழாவுக்கு அனுப்பேக்க உரிமைக் கடிதம் கேப்பாங்க. ஊரில கீபோட் வாசிக்கிற பொடியங்கள் இல்லாமலா?

காட்டுறது. இலங்கையில பொதுவா டிக்கட் போட்டுக் காட்டுறதெண்டா பப்ளிக் பேர்ஃபோமன்ஸ் போர்ட், அதான் சென்சார் போர்ட், அவங்கட சேர்டிபிகேட் வேணும், தியேட்டர் எண்டா திரைப்படக் கூட்டுத்தாபனத்திட்டயும் போக வேணும், தியேட்டருக்கு டிசிபி எண்ட ஃபோமட்டில மாத்திக் குடுக்க வேணும். யாழ்ப்பாணத்தில 2015ல இருந்து ஒரு சர்வதேச சினிமா விழா நடக்குது, எங்கட மாதிரி ஆக்களுக்கு அது நல்ல வாசல். கன விழாக்கள் ஏற்கனவே நெட்டில கிடக்கிற படத்தை எடுக்க மாட்டாது, அதனால லைக்குக்கு ஆசைப்பட்டு யூடியூப்ல போட்டிடாதீங்க, ஒரு வருசம் பொறுங்க. காட்டப்போற இடத்தில முதல் நாளே போய் ரெண்டு நிமிசம் சவுண்டோட ஓட்டிப் பாருங்க.

கடைசியா, டைட்டில்ல பேர். உதவி செஞ்ச ஒவ்வொருத்தர்ட பேரையும் எழுத்தோட கேட்டு எழுதி, அவங்களுக்கே காட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்க. நான் பாண் ஓட்டோக்காரர்ட பேர்கூட போட்டன், பக்கத்து வீட்டு நாயிட பேரும் இருக்கு, மாமிட பேர் விடுபட்டுப் போச்சு. 12 நாள் வீடு தந்து, மீனையும் நாறக் குடுத்து, பிளேன்டீயும் ஊத்தின மனிசி. ஒழுங்கையில வெள்ளைச் சீலை கட்டிக் காட்டினண்டைக்கு டைட்டில் முடியும் மட்டும் கதிரையை விட்டு எழும்பாம இருந்து பார்த்திட்டு, ஒண்டும் சொல்லாம வீட்ட போயிட்டா. பிறகு நான் பாரை ஒண்டு வாங்கிக்கொண்டு போனன், வாங்கி வச்சா, இன்னும் சரியாக் கதைக்கிறா இல்ல. அடுத்த படத்துக்கும் அந்த வீடுதான் வேணும்.